மைக் போகட்டும், தீர்மான நோட்டு எங்கே?

இந்த முறை பதில் சொல்வது ஒரே ஒரு வாசகர் கடிதத்துக்குத்தான். எட்டுப் பக்கம், நோட்டுப் புத்தகத் தாளில், இரண்டு பக்கமும் எழுதப்பட்டது. எழுதியவரின் பெயர், ஊர், வார்டு எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

அவருக்கு வயது 43. தமிழ்நாட்டு மாநகராட்சி ஒன்றின் விளிம்பில், முன்பு ஊராட்சியாக இருந்து பிறகு சேர்க்கப்பட்ட பகுதியில், ஆறு வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறார். வீட்டிலேயே தையல் வேலை. கணவர் கம்பெனி வண்டி ஓட்டுகிறார். மகள் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறாள். தெருவில் மழைநீர் வடிகால் உண்டு, ஆனால் அதில் மழைநீரைத் தவிர எல்லாம் ஓடுகிறது. பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. மேட்டுப்பக்க வீடுகளில் சிலர் கழிப்பறைக் குழாயை ராத்திரியோடு ராத்திரியாக வடிகாலில் இறக்கிவிட்டார்கள். அது பள்ளத்தில் இருக்கும் இவர் வாசலில் வந்து தேங்குகிறது. அங்கன்வாடிக்கு எதிரே வடிகால் மூடி உடைந்து எட்டு மாதம் ஆகிறது. யாரோ ஒரு வேப்பங்கிளையைச் செருகி, அதில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறார்கள். ஒருமுறை தெருக்காரர்கள் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு, ஒரு ஆளைக் கூட்டி வந்து உள்ளே இறக்கி அடைப்பு எடுத்தார்கள். பத்து நாளில் மறுபடியும் பழையபடி.

தெருக்கள் அளவில் மக்கள் கூடிக் குறை சொல்வதற்கான பகுதி சபையின் போன கூட்டத்தில் இதைப் பேச எழுந்திருக்கிறார். கவுன்சிலர் பக்கத்தில் நின்றவர், “வீடு யாருதும்மா? வரி கட்டுறீங்களா?” என்று கேட்டிருக்கிறார். உதவிப் பொறியாளர் (ஏ.இ.), “ஃபண்டு வந்தா பார்ப்போம்” என்றிருக்கிறார். இவர் தொடர்ந்து பேச, மைக்கை வாங்கிக்கொண்டார்கள். கோபத்தில் “எல்லாம் கமிஷன் வாங்கிட்டுத்தான் உக்காந்திருக்கீங்க” என்று சத்தம் போட்டதோடு, ஏ.இ. கையில் இருந்த தாளைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறார். அதில் நாற்பது நொடி, தெரு வாட்ஸப் குழுவில் ஓடிக்கொண்டிருக்கிறது. மறுநாள் ஒருவர் வந்து வீட்டு ஓனரிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போக, ஓனர் “வேற வீடு பாத்துக்கோங்க” என்கிறார். கணவர் பயப்படுகிறார். தன்மேல் கேஸ் வந்தால் மகளின் வேலைக்கு ஆபத்தா என்ற கவலை வேறு.

அடுத்து என்ன செய்யலாம் என்று அவரே மூன்று வழி எழுதியிருக்கிறார். மாநகராட்சிக் கவுன்சிலர்கள் கூடும் மாமன்றக் கூட்டத்துக்கே போய் எழுந்து கேட்பது, தெருப் பெண்களைத் திரட்டி மறியல் செய்வது, மாநகராட்சிக்கு உத்தரவிடச் சொல்லி ஹைகோர்ட்டில் ரிட் மனு போடுவது. எது சரி என்பதுதான் கேள்வி.

சகோதரி,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை படிக்கும்போது உங்கள் கோபம் எனக்கும் வந்தது. இரண்டாவது தடவை வக்கீலாகப் படித்தபோது, நீங்கள் பெரிதாக நினைத்துப் பயப்படும் விஷயம் சின்னதாகவும், ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப்போன இரண்டு மூன்று விஷயங்கள் பெரிதாகவும் தெரிந்தன.

வரி கட்டாதவருக்கு வாய் இல்லையா?

அப்படிக் கேட்டவருக்குச் சட்டம் தெரியாது, அல்லது தெரிந்தே கேட்டிருக்கிறார். பகுதி சபையில் இருக்க, சொந்த வீடோ சொத்து வரி ரசீதோ தேவையில்லை. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். வாடகைக்கு இருப்பவரும் ஓனரும் அங்கே ஒன்றுதான். சொல்லப்போனால் ஓனர் கட்டும் வரி உங்கள் வாடகையிலிருந்துதான் போகிறது, ஆனால் அந்த வாதமே இங்கே வேண்டாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நான்காம் பக்கத்தில், போகிற போக்கில், “ஓட்டு இன்னும் எங்க பழைய ஊர்லதான் இருக்கு” என்று எழுதியிருக்கிறீர்கள். இதை யாராவது கண்டுபிடித்துக் கேட்டிருந்தால் உங்களிடம் பதில் இருந்திருக்காது. இடம் மாறியவர்களுக்கான படிவம் 8-ஐ நிரப்பி, பெயரை இப்போது இருக்கும் முகவரிக்கு மாற்றிவிடுங்கள். ஆன்லைனிலும் கொடுக்கலாம். பெயர் மாறும்வரை, ஓட்டு இருக்கிற பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் சபையில் எழுந்து பேசட்டும். அதுவரை நீங்கள் சும்மா இருக்க வேண்டும் என்றில்லை. மாநகராட்சிக்கு மனுக் கொடுக்கவும், தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்கவும் ஓட்டு எந்த ஊரில் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

சபை வேறு, மாமன்றம் வேறு

மாமன்றக் கூட்டத்தில் எழுந்து கேட்கப்போவதாகச் சொல்கிறீர்கள். அங்கே பேசும் உரிமை கவுன்சிலர்களுக்கு மட்டும்தான். மேயர் தலைமையில், பொருள் பட்டியல்படி நடக்கும் கூட்டம் அது. பார்வையாளர் எழுந்து பேசினால் வெளியே அனுப்புவார்கள். அதையும் யாராவது வீடியோ எடுப்பார்கள். முதல் வீடியோவுக்கே இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மக்கள் எழுந்து பேசுவதற்கென்றே உண்டாக்கியதுதான் பகுதி சபை. கிராமத்தில் கிராம சபை இருப்பதுபோல நகரத்திலும் ஒன்று வேண்டும் என்ற பேச்சு பழையது. 1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சாசனத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு வார்டு குழு வேண்டும் என்றது. அதற்கும் கீழே, தெருக்கள் அளவில் பகுதி சபை என்பதற்குத் தமிழ்நாட்டில் 2010-இல் சட்டத் திருத்தம் வந்தது. விதிகள் வந்தது 2022-இல். நடுவில் பன்னிரண்டு வருடம் சட்டம் தாளில் தூங்கியது. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் நடந்த பகுதி சபையில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இது இன்னும் நடை பழகாத குழந்தை. கவுன்சிலருக்கும் பழக்கமில்லை, அதிகாரிக்கும் இல்லை, நமக்கும் இல்லை. பல இடங்களில் இதை நலத்திட்ட விழாவைப்போல நடத்துகிறார்கள்: சால்வை, டீ, போட்டோ, நன்றியுரை.

இன்னொன்றையும் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. “சபையில் தீர்மானம் போட்டுவிட்டால் செய்தே ஆகணும்தானே” என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. சபை சொல்வது பரிந்துரை. அது வார்டு குழுவுக்குப் போய், தேவைப்பட்டால் மாமன்றம்வரை போய், அங்கே பணம் ஒதுக்கினால்தான் வேலை. கவுன்சிலர் நினைத்தாலும் அன்றே வடிகால் கட்டிவிட முடியாது. அவருக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். யாரிடம் எதைக் கேட்டால் கிடைக்கும் என்ற கணக்கு இதில் இருக்கிறது.

நீங்கள் அன்று மூன்று கோரிக்கையை ஒரே மூச்சில் வைத்தீர்கள். அங்கன்வாடி வாசலில் மூடி போடுவது வார்டு அளவிலேயே பராமரிப்புக் கணக்கில் முடிகிற வேலை. ஏ.இ. மனது வைத்தால் போதும். திருட்டு இணைப்புகளைக் கண்டுபிடித்து அடைப்பதற்கு ஆய்வு செய்ய வேண்டும், நோட்டீஸ் கொடுக்க வேண்டும். மண்டல அலுவலகத்தில் பொறியாளரும் சுகாதாரப் பிரிவும் சேர்ந்து இறங்க வேண்டிய வேலை அது. பாதாளச் சாக்கடை திட்ட அளவிலான விஷயம், அரசாங்கம்வரை போகும். மூன்றையும் ஒன்றாகக் கேட்டால், மூன்றாவதற்குரிய பதிலை முதலாவதுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். “ஃபண்டு வந்தா பார்ப்போம்” என்பது அப்படி வந்த பதில்தான். ஒரு மூடிக்கு எந்த ஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டும்? அடுத்த தடவை மூடியை மட்டும் தனியாகக் கேளுங்கள். எந்தத் தேதிக்குள் என்றும் கேளுங்கள்.

வாசலில் கையெழுத்துப் போட்ட நோட்டு

கடிதத்தில் என்னை நிறுத்திய வரி இது: “உள்ளே போகும்போது நோட்டில் கையெழுத்து வாங்கினாங்க, மேலே பாதிப் பக்கம் காலியா இருந்துச்சு.”

அந்தக் காலிப் பக்கத்தில் பிறகு என்ன எழுதினார்கள்? வருகைப் பதிவு என்ற தலைப்பு மட்டும்தானா? இல்லை “கூட்டத்தில் குறை ஏதும் தெரிவிக்கப்படவில்லை, கீழ்க்கண்டவர்கள் ஏகமனதாக ஒப்புக்கொண்டனர்” என்று இருக்கிறதா? அப்படி எழுதியிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதே மாதிரி ஒரு பக்கத்தை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு எடுத்து நீட்டியபோது, கையெழுத்துப் போட்ட என் கட்சிக்காரர் திருதிருவென்று விழித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

மைக்கில் நீங்கள் பேசியது அன்று அங்கே இருந்த அறுபது பேருக்குத் தெரியும். அரசாங்கத்துக்குத் தெரிந்தது அந்த நோட்டில் இருப்பது மட்டும். மைக்கை வாங்கிக்கொண்டதைவிட, நீங்கள் சொன்னதை எழுதாமல் விட்டார்களா என்பதுதான் எனக்குக் கவலை. ஆகவே இனிமேல் சபைக்குப் போகும்போது பேச்சைச் சுருக்கி, தாளை நம்புங்கள். ஒரு கோரிக்கைக்கு ஒரு மனு, ஒரே பக்கம். வடிகால் எந்த இடத்தில், எத்தனையாவது மின்கம்பத்துக்கு எதிரே, எந்த மாதத்திலிருந்து, இதற்கு முன் எப்போது யாரிடம் சொன்னோம், இப்போது என்ன வேண்டும். இவ்வளவுதான். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். கூட்டத்தில் கையெழுத்துத் தர மறுத்தால் சண்டை வேண்டாம். மறுநாள் மண்டல அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து சீல் வாங்குங்கள். அல்லது ஆணையர் பெயருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 1100-க்கு அழைத்து முதல்வரின் முகவரித் துறையில் பதிந்தாலும் சரி, அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடியும்போது பக்கத்து வீட்டுப் பெண்ணைவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: “எழுதினதை ஒருதரம் படிச்சுக் காட்டுங்க சார்.” காலியாக இருக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டிவந்தால், பெயருக்குப் பக்கத்தில் ‘வருகைக்கு மட்டும்’ என்று எழுதிவிட்டுப் போடுங்கள்.

போன கூட்டத்தின் நோட்டைப் பார்க்கவும் வழி இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.), 2005. வெள்ளைத் தாளில் மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ, 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்கும் மேலே மாநிலத் தகவல் ஆணையம் இருக்கிறது, அங்கே காத்திருப்பு நீளம்.

“ஏன் செய்யவில்லை” என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை என்று திருப்பிவிடுவார்கள். கையில் இருக்கும் ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: இன்ன தேதி பகுதி சபையின் வருகைப் பதிவேடு, தீர்மானப் பதிவேடு ஆகியவற்றின் நகல், எங்கள் தெரு வடிகால் பணியின் எஸ்டிமேட், ஒர்க் ஆர்டர், எம்-புக் நகல். எம்-புக் என்பது எவ்வளவு வேலை நடந்தது என்று அளந்து எழுதும் அளவுப் புத்தகம். அதை வைத்துத்தான் பில் பாஸ் ஆகும். வேலை நடந்த இடத்தை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் மாதிரி கேட்கவும்கூட இந்தச் சட்டம் இடம் தருகிறது. பலருக்கும் இது தெரியாது.

கேஸ் போடுவார்களா?

அன்று நீங்கள் இரண்டு காரியம் செய்தீர்கள். கமிஷன் என்று சொன்னது ஒன்று. தாளைப் பிடுங்கியது இன்னொன்று. உங்கள் பயமெல்லாம் முதலாவதில், என் கவலை இரண்டாவதில்.

‘கமிஷன்’ பேச்சுக்கு அவதூறு என்று யாராவது கிளம்பலாம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு அது. ஆனால் அவதூறுக்குப் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு ராத்திரியில் வந்து அழைத்துப் போக முடியாது. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் நீதிமன்றத்துக்குப் போய்ப் புகார் கொடுக்க வேண்டும். மாநகராட்சி தன் பெயர் கெட்டுவிட்டது என்று உங்களிடம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடவும் வழியில்லை. அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் அப்படி வழக்குப் போட முடியாது என்று 1994-இல், தமிழ்நாட்டிலிருந்து போன ராஜகோபால் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொதுவாக “எல்லாம்” என்று சொன்னீர்கள், ஒருவர் பெயரையும் எடுக்கவில்லை. அதுவும் உங்களுக்குச் சாதகம். ஆனாலும் மறுபடி சொல்லாதீர்கள். வாட்ஸப்பில் அந்த வீடியோவுக்குக் கீழே “ஆமா, சொன்னேன், அதுக்கென்ன” என்று எழுதாதீர்கள். கோபத்தில் நீங்கள் கேட்க நினைத்தது, கட்டின பணம் எங்கே போச்சு என்பதுதானே? அதற்கான பதில் எம்-புக்கில் இருக்கும். கணக்கு கைக்கு வந்து, அதில் கோளாறு தெரிந்தால், உள்ளாட்சிகள் மீதான புகாரை விசாரிக்க 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்கோ, லஞ்ச ஒழிப்புத் துறைக்கோ எழுத்தில் கொடுக்கலாம். உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தில் கொடுக்கும் புகார் அவதூறு ஆகாது என்று அதே சட்டப் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது.

தாளைப் பிடுங்கியது அப்படியல்ல. அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தது, அவர்மீது பலத்தைப் பயன்படுத்தியது என்று அதே சன்ஹிதாவின் 221, 132 ஆகிய பிரிவுகளில் கதை கட்ட அது ஒரு பிடி கொடுக்கிறது. 132-இல் போலீசே எஃப்.ஐ.ஆர். போடலாம். சத்தம் போட்டுப் பேசுவது பலப்பிரயோகம் ஆகாது, ஆனால் கையில் இருந்ததை இழுத்தால் வாதாட வேண்டியிருக்கும். இதுவரை ஸ்டேஷனிலிருந்து யாரும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஒருவேளை கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள். மன்னிப்புக் கடிதம் என்று ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னால், வக்கீலைக் கேட்டுவிட்டு என்று சொல்லுங்கள். முழு வீடியோ யாரிடமாவது இருந்தால் இப்போதே வாங்கி வையுங்கள். நாற்பது நொடிக்கு முன்னால் உங்களை என்ன கேட்டார்கள் என்பது அதில் இருக்கும்.

மகளைப் பற்றி நிம்மதியாக இருங்கள். வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பில் பார்ப்பது அவள் பெயரில் வழக்கு உண்டா என்பதைத்தான். அம்மா பெயரில் எஃப்.ஐ.ஆர். இருப்பதால் மகளுக்கு வேலை மறுக்க முடியாது. அவளை மட்டும் எந்தப் போராட்டத்துக்கும் கூட்டிப் போகாதீர்கள். தெருவில் மற்றவர்கள் குறை சொல்வார்கள், சொல்லட்டும்.

ஆளை உள்ளே இறக்கியது

இதை நீங்கள் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள், தெருவே ஒன்றுகூடிச் செய்த நல்ல காரியம் என்று. அன்று அந்த மனிதர் உயிரோடு மேலே வந்தது உங்கள் எல்லாருடைய அதிர்ஷ்டம். மலம் கலந்த கழிவுநீர் தேங்கிய மூடிய வடிகாலில் விஷவாயு இருக்கும். ஒரு மூச்சில் ஆள் சரிந்துவிடுவார், காப்பாற்றக் குதிப்பவரும் சரிந்துவிடுவார். கழிவுநீர்க் குழாயிலும் தொட்டியிலும் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மாநகராட்சிக்கு மட்டுமல்ல, காசு கொடுத்துக் கூட்டி வரும் நம்மைப் போன்றவர்களுக்கும் அது பொருந்தும். முதல் தடவைக்கே இரண்டு வருடம்வரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்த தடவை அடைத்தால் மாநகராட்சியின் கழிவு உறிஞ்சும் வண்டியைக் கேளுங்கள். வரும்வரை நாற்றம் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மறியலும் ரிட்டும்

மறியல் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அரை மணி நேரம் உட்காருவீர்கள், இன்ஸ்பெக்டர் வந்து பேசுவார், எழவில்லை என்றால் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்துச் சாயங்காலம் விடுவார்கள். சில சமயம் அதோடு முடியும். சில சமயம் வழக்குப் பதிந்து, இரண்டு வருடம் கழித்து சம்மன் வரும். அப்போது உங்களோடு உட்கார்ந்த முப்பது பேரில் நான்கு பேர்தான் கோர்ட்டுக்கு வருவார்கள். மறியலால் வேலை நடந்த தெருக்களும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏற்கெனவே ஒரு வீடியோவில் இருக்கும் நீங்கள் முன்வரிசையில் உட்காருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ரிட் மனு போடலாம், உரிமை இருக்கிறது. ஆனால் நீதிபதி முதலில் கேட்பது “மாநகராட்சிக்கு எழுத்தில் கொடுத்தீர்களா, என்ன பதில்?” என்பதைத்தான். இன்றைக்கு உங்கள் கையில் ஒரு தாளும் இல்லை. மனுவோடு போனாலும் முதல் சுற்றில் பெரும்பாலும் கிடைப்பது, “மனுதாரரின் கோரிக்கையை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்கவும்” என்ற உத்தரவு. அதற்கு ஆகும் செலவையும் அலைச்சலையும் நினைத்துப் பாருங்கள்.

அதற்கு முன் இரண்டு கதவு இருக்கிறது, இரண்டுமே அவ்வளவாக யாரும் தட்டாதவை. ஒன்று, கோட்டாட்சியர். பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்ற ஊரில், உங்களைப்போலவே திறந்த சாக்கடையால் அவதிப்பட்ட ஒரு வார்டு மக்கள் இந்த 133-இல்தான் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். சாக்கடையைச் சரிசெய்ய உத்தரவு வந்தது. நகராட்சி உச்ச நீதிமன்றம்வரை போய், பணமில்லை என்றது. 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, பணமில்லை என்று சொல்லி ஒரு நகராட்சி இந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றது. “ஃபண்டு வந்தா பார்ப்போம்” என்று உங்கள் ஏ.இ. சொன்னாரே, அந்தப் பதில் அன்றே செத்துவிட்டது.

இன்னொன்று, நிரந்தர மக்கள் நீதிமன்றம். சட்டப் பணிகள் ஆணைக் குழுக்கள் சட்டத்தின் கீழ் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்காக இருக்கிறது. அந்தப் பட்டியலில் துப்புரவும் வருகிறது. கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் போகலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக் குழு அலுவலகத்தில் கேட்டால், உங்கள் மாவட்டத்துக்கு எங்கே மனுச் செய்வது என்று சொல்வார்கள். முதலில் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். ஏ.இ. மைக் இல்லாமல், கூட்டம் இல்லாமல், உங்கள் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் தெருப் பிரச்சினைக்கு இதுதான் அதிகம் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. மனு கொடுத்து, ஆர்.டி.ஐ. பதிலும் கைக்கு வந்தபிறகு போங்கள்.

வீட்டு ஓனர் ஏன் பயப்படுகிறார்?

“வேற வீடு பாத்துக்கோங்க” என்றால் உடனே காலி செய்ய வேண்டும் என்று அர்த்தமில்லை. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, சட்டம் சொல்லும் காரணங்கள் இருந்தால்தான் வெளியேற்ற உத்தரவு வாங்க முடியும். கவுன்சிலருக்குப் பிடிக்கவில்லை என்பது அதில் இல்லை. கரண்டையோ தண்ணீரையோ நிறுத்தவும் கூடாது. ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் இருப்பதே அந்தப் பட்டியலில் ஒரு காரணமாக இருக்கிறது. உங்களுடையது “வாய் வார்த்தைதான், ஆறு வருஷமா பிரச்சினை இல்லை” என்கிறீர்கள். இதை அவர் வக்கீலிடம் போனால் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார். வாடகையை இந்த மாதத்திலிருந்து ஜிபே அல்லது வங்கி வழியாகக் கொடுங்கள். கொஞ்சம் சூடு ஆறியதும், ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யலாம் என்று நீங்களே பேச்சை எடுங்கள்.

ஆறு வருடம் நல்லபடியாக இருந்த மனிதர், யாரோ ஒருவர் வந்து ஒரு வார்த்தை சொன்னதும் ஏன் இப்படி மாறினார்? கவுன்சிலர் ஆள் மிரட்டியிருப்பார் என்பது உங்கள் முடிவு. இருக்கலாம். ஆனால் எட்டுப் பக்கக் கடிதத்தில் மேட்டு வீடுகளின் குழாய் எங்கே போகிறது என்று விவரமாக எழுதிய நீங்கள், நீங்கள் இருக்கும் வீட்டின் கழிப்பறைக் குழாய் எங்கே போகிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. செப்டிக் டேங்க் இருக்கிறதா? இந்த ஆறு வருடத்தில் அதை எடுக்க ஒருமுறையாவது லாரி வந்ததா?

வரவில்லை என்றால், ஓனரின் பயம் வேறு பயம். நீங்கள் கேட்கிற ஆய்வு நடந்தால் முதல் நோட்டீஸ் அவருக்கே வரலாம். வந்தவர் அவர் காதில் சொன்னது இதுவாகவும் இருக்கலாம். மனுவில் கையெழுத்துப் போட்டவரின் வீடே வடிகாலில் விடுகிறது என்பது கூட்டத்தில் வெளிவந்தால் உங்கள் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஆகவே மனு எழுதுவதற்கு முன் ஒரு வேலை. விடியற்காலையில், வடிகாலில் ஓட்டம் குறைவாக இருக்கும் நேரத்தில், வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தை ஒரு பக்கெட் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துக் கழிப்பறையில் ஊற்றுங்கள். மகளை வடிகால் ஓரம் நிறுத்தி வையுங்கள். கால் மணி நேரம் போதும். நீலம் வராவிட்டால் அன்றே மனுவை எழுதுங்கள். வந்துவிட்டால், மனுவைத் தள்ளி வைத்துவிட்டு ஓனர் வீட்டுக்குப் போய், அவருடைய குழாயையும் எப்படிச் சரிசெய்வது என்று பேசுங்கள். அவரையும் சேர்த்துக்கொண்டு கையெழுத்து வாங்க முடிந்தால், அடுத்த சபையில் “வீடு யாருதும்மா” என்று கேட்கிறவருக்கு அவரே எழுந்து பதில் சொல்வார்.